ப்ரோ கார்டு கை நழுவினால்: ஜிம்மில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவர்களோடும் அவர்களுடைய கோச்களோடும் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்துக்கொண்டே வந்து, தொழில்முறைத் தகுதிப் போட்டியில் ஒருமுறை வழுக்கியதும் காணாமல் போகிறவர்களை மனதில் வைத்துத் தொகுத்தது. டயட் சார்ட்டோ ஒர்க்அவுட் பிளானோ இதில் கிடையாது.

1. ப்ரோ கார்டுன்னா என்ன? மிஸ்டர் இந்தியா ஜெயிச்சா ப்ரோ ஆகிடலாமா?

ஆக முடியாது. மிஸ்டர் இந்தியா அமெச்சூர் பட்டம். ப்ரோ கார்டு என்பது தொழில்முறைப் போட்டிகளில் மேடை ஏறுவதற்கான உரிமம். பெரும்பாலானோர் ஆசைப்படுவது ஐஎஃப்பிபி ப்ரோ லீக் என்ற தொழில்முறை அமைப்பு தரும் கார்டுக்கு. 1965ல் தொடங்கிய, தொழில்முறை ஆணழகன்களின் பெரிய போட்டியான மிஸ்டர் ஒலிம்பியா மேடைக்கு இப்போது வழி அந்த லீக் வழியாகத்தான். கார்டு கிடைத்த உடனே ஒலிம்பியாவும் கிடைத்துவிடாது. அதற்குத் தனியாகத் தகுதி பெற வேண்டும்.

அமெரிக்காவில் ஏணி தெளிவாக இருக்கிறது. என்பிசி என்ற அமைப்பின் வட்டாரப் போட்டியில் நல்ல இடம் பிடித்தால் தேசிய அளவுப் போட்டிக்குப் போகலாம். நேஷனல்ஸ், யுஎஸ்ஏ, நார்த் அமெரிக்கன், யுனிவர்ஸ் போன்ற அந்தப் போட்டிகளில்தான் கார்டு. ஆக, ஒரு கதவு திறந்தால் அடுத்த கதவின் முன்னால் நிற்கத்தான் அனுமதி.

2. அப்போ நம்ம ஊர்ல இருந்துக்கிட்டே வாங்க முடியாதா? எந்த ஃபெடரேஷன்ல ஆடறதுன்னே புரியல.

குழப்பம் உங்களுடையது மட்டும் இல்லை. 2017ல் ஐஎஃப்பிபி ப்ரோ லீக்கும் என்பிசியும் ஒரு பக்கமாகவும், பழைய சர்வதேச ஐஎஃப்பிபி இன்னொரு பக்கமாகவும் பிரிந்தன. இப்போது இரண்டு தரப்பும் தனித்தனியாகக் கார்டு தருகின்றன. ‘எலீட் ப்ரோ’ என்று சொல்லப்படுவது சர்வதேச ஐஎஃப்பிபி தரும் கார்டு. அதை வைத்துக்கொண்டு மிஸ்டர் ஒலிம்பியாவுக்குப் போக முடியாது. பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தியாவிலும் ‘மிஸ்டர் இந்தியா’ என்ற பெயரில் போட்டி நடத்தும் அமைப்புகள் ஒன்றுக்கு மேல் உண்டு. இந்தியன் பாடி பில்டர்ஸ் ஃபெடரேஷன் சார்ந்திருப்பது டபிள்யூபிபிஎஃப் என்ற வேறொரு உலக அமைப்பை. தமிழ்நாட்டின் எஸ். பாஸ்கரன் 2019ல் அர்ஜுனா விருது வாங்கியது அமெச்சூர் வழியில் போய்த்தான். அது குறைந்த வழி இல்லை, வேறு வழி. ப்ரோ லீக் கார்டுக்கு மும்பையில் நடந்த அமெச்சூர் ஒலிம்பியா போன்ற போட்டிகள் இந்தியாவிலேயே வாய்ப்பு தந்திருக்கின்றன. ஒரு அமைப்பின் மேடையில் ஏறினால் இன்னொன்று தடை போடும் வழக்கமும் இருக்கிறது. நல்ல திறமைசாலிகள் சிலர் தோற்பதற்கு முன்னாலேயே ஒதுங்கிப்போவதற்கு இந்தச் சண்டை ஒரு காரணம்.

3. ஒரு போட்டியில எத்தனை பேருக்குக் கார்டு?

போட்டிக்குப் போட்டி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். சிலவற்றில் எல்லாப் பிரிவுகளையும் வென்று ஒட்டுமொத்தப் பட்டம் எடுப்பவருக்கு மட்டும். சிலவற்றில் ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம், சிலவற்றில் முதல் இரண்டு இடம். ஜே கட்லர் 1996 என்பிசி நேஷனல்ஸில் ஹெவிவெயிட் பிரிவை மட்டும் வென்று கார்டு வாங்கினார். ஒட்டுமொத்தப் பட்டம் வேறொருவருக்குப் போனது. ஒட்டுமொத்தப் பட்டத்துக்கு மட்டும் கார்டு தரும் போட்டியாக அது இருந்திருந்தால், அன்றைக்கு அவரும் வெறும் கையோடுதான் திரும்பியிருப்பார்.

4. ஸ்டேட்ல ஒருத்தன்கூட என்னை அடிச்சதில்ல. குவாலிஃபையர்ல முதல் காலவுட்லயே கூப்பிடல. எப்படி?

காலவுட் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க நடுவர்கள் சிலரை முன்னால் அழைப்பது. உங்கள் உடம்பு அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் மாறிவிட்டார்கள். இந்த விளையாட்டில் ஓட்டப் பந்தயம் மாதிரி வினாடிக் கணக்கு இல்லை, பளுதூக்குதல் மாதிரி கிலோக் கணக்கு இல்லை. ‘போன தடவையைவிட இவ்வளவு முன்னேறினேன்’ என்று சொல்லிக்கொள்ள ஓர் எண் கிடைக்காது. கிடைப்பது ஓர் இடம். அதுவும் அன்று வந்தவர்களோடு ஒப்பிட்டு.

மாவட்ட மேடையில் சைஸ் இருந்தாலே ஜெயிக்கலாம். மாநிலத்தில் சைஸும் கொஞ்சம் ‘கட்’டும் (கொழுப்பு கரைந்து தசை பிரிந்து தெரிவது) போதும். தகுதிப் போட்டியில் எல்லோரிடமும் சைஸ் இருக்கும், எல்லோரும் கட்டாகத்தான் வருவார்கள். அங்கே பார்ப்பது பின்புறத்தை: தொடையின் பின்பக்கம், புட்டம், கீழ் முதுகு. நம் பையன்கள் கண்ணாடியில் பார்க்கும் பக்கத்தை மட்டும் வளர்த்துவிட்டுப் போய், திரும்பி நின்ற நிமிடத்தில் தோற்கிறார்கள். போஸிங்கும் அப்படித்தான். இரண்டு பேரோடு நின்று பழகியவனை, பத்துப் பேர் வரிசையில் கால் நடுங்க நடுங்க இருபது நிமிடம் நிற்க வைத்தால் வயிறு தளர்ந்துவிடும்.

இன்னொன்று. இதுவரை தோற்காதவனுக்குத் தோற்றுப் பழக்கமே இல்லை. மூன்று தடவை ஐந்தாவது இடம் வந்து, அப்புறம் மெதுவாக மேலே ஏறியவன் வீட்டுக்குப் போய் தூங்கி எழுந்து மறுநாள் கோச்சுக்கு போன் போடுவான். பத்தொன்பது வயதிலிருந்து கோப்பையோடு மட்டுமே வீட்டுக்குப் போனவனுக்கு, தன் வாழ்க்கையின் முதல் தோல்வியே இருப்பதிலேயே பெரிய மேடையில் வருகிறது. திறமை உள்ளவர்கள் முதலில் விலகுவதற்கு நான் சொல்லும் முக்கியக் காரணம் இதுதான்.

5. கடைசியா வந்தவன் அடுத்த வருஷம் வரான். ரெண்டாவது வந்தவன் விட்டுட்டுப் போறான். இது என்ன கணக்கு?

1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் பதக்க மேடைகளின் வீடியோவை வைத்து 1995ல் ஒரு உளவியல் ஆய்வு வந்தது. வெண்கலம் வாங்கியவர்கள் வெள்ளி வாங்கியவர்களைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் தங்கத்தை நினைத்துக்கொண்டு நிற்கிறார். வெண்கலக்காரர் ‘நல்லவேளை, பதக்கமாவது கிடைத்ததே’ என்று நிற்கிறார். கார்டு மேடையில் இது இன்னும் மோசம். ஒலிம்பிக்ஸில் வெள்ளிக்காவது மதிப்பு உண்டு. ஒரே ஒரு கார்டு இருக்கும் போட்டியில் இரண்டாம் இடத்துக்கும் பன்னிரண்டாம் இடத்துக்கும் கையில் கிடைப்பது ஒன்றுதான்.

விளையாட்டுக்கு வெளியிலிருந்து ஒரு தகவல். அமெரிக்காவில் அரசு ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்து மயிரிழையில் தவறவிட்ட இளம் ஆய்வாளர்களையும், மயிரிழையில் வென்றவர்களையும் ஒப்பிட்டு 2019ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. தவறவிட்டவர்களில் கணிசமானோர் அந்த நிதி வட்டாரத்திலிருந்தே நிரந்தரமாக மறைந்துபோனார்கள். ஆனால் விலகாமல் இருந்தவர்கள், நீண்ட காலத்தில், வென்றவர்களையே மிஞ்சினார்கள். அவர்கள் ஆய்வகத்து ஆட்கள்தான், மேடைக்காரர்கள் இல்லை. ஆனாலும் மேடையில் கண்ணால் பார்ப்பதும் இதே மாதிரிதான்: ஒரு பகுதி காணாமல் போகிறது, மிஞ்சியவர்கள் தடித்த தோலோடு வருகிறார்கள்.

6. போட்டி முடிஞ்சு ரெண்டு மூணு மாசமா ஜிம் பக்கமே போகப் பிடிக்கல. நான் மனசால பலவீனமானவனா?

முதலில் உடம்பைக் கேளுங்கள். 2013ல் வெளியான ஒரு ஆய்வு, ஊக்க மருந்து எடுக்காத ஒரு போட்டியாளரைப் போட்டிக்கு முன் ஆறு மாதமும் பின் ஆறு மாதமும் தொடர்ந்து கவனித்தது. உடல் கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5 சதவீதத்துக்கு இறங்கியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 53லிருந்து 27 ஆனது. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது. மனநிலைக் குலைவை அளக்கும் மதிப்பெண் 6லிருந்து 43க்கு ஏறியது.

மனநிலை ஆறு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. உடல் பலம் முழுதாகத் திரும்பவில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் இந்த உடம்போடுதான் வீட்டுக்குப் போகிறீர்கள். ஜெயித்தவன் சோர்வை வாழ்த்துச் செய்தி மூடி மறைத்துவிடும். தோற்றவனுக்கு அந்தச் சோர்வே ‘எனக்கு இது ஒத்துவராது’ என்ற தீர்ப்பாகக் கேட்கும்.

அதனால் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: விடுவதா தொடர்வதா என்ற முடிவைப் போட்டிக்கு அடுத்த மூன்று மாதத்துக்குள் எடுக்காதீர்கள். சாப்பாடும் தூக்கமும் ஒழுங்குக்கு வந்த பிறகு அதே முடிவை எடுத்தால் அது உங்கள் முடிவு. மாதங்கள் போயும் இருட்டு விலகவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் கோச்சிடம் போகாதீர்கள், மனநல மருத்துவரிடம் போங்கள்.

7. எல்லாம் சரி, செலவுக்கு யாரு? வீட்ல இன்னொரு வருஷம் கேட்க வாய் வரல.

உண்மையில் பாதிப் பேர் விலகுவது இங்கேதான், மனசு உடைந்து இல்லை. கோழி, முட்டை, சப்ளிமென்ட், கோச் ஃபீஸ், நுழைவுக் கட்டணம், மேடைக்குப் பூசும் டேன், ரயிலோ விமானமோ, ஓட்டல். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவு வருமானத்தில் விழும் ஓட்டை. நம் போட்டியாளர்களில் பலர் ஜிம் டிரெய்னர்கள். கடைசி இரண்டு மாதம் கார்ப் இல்லாமல் முகம் ஒட்டிப்போய், எரிச்சலோடு நிற்கும் டிரெய்னரிடம் பர்சனல் டிரெய்னிங் கிளையன்ட் எத்தனை நாள் நிற்பார்?

இன்னொரு விஷயத்தை வீட்டில் மறைக்காதீர்கள். ரயில்வே, ராணுவம், போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கும்போது பார்ப்பது அங்கீகாரம் பெற்ற சம்மேளனத்தின் சான்றிதழை. ப்ரோ கார்டு அந்த வரிசையில் உதவாது. வேலை வாங்கித் தரும் மேடையை விட்டுவிட்டுக் கார்டு மேடைக்குப் போகிறோம் என்றால், அது இரண்டு வருடச் சேமிப்பு கையில் இருக்கும்போது எடுக்க வேண்டிய முடிவு. கடன் வாங்கி எடுக்க வேண்டியது இல்லை. இதில் நான் பிடிவாதக்காரன்.

8. ஜட்ஜ் எல்லாம் ஆளு பார்த்துத்தான் போடறாங்க. இதுல திறமைக்கு என்ன வேலை?

சில இடங்களில் அப்படி நடக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் முறையைப் புரிந்துகொண்டு பேசுங்கள். ஒவ்வொரு நடுவரும் உங்களுக்கு ஓர் இடம் தருவார். மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் கழித்துவிட்டு மீதியைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்தவர் முதலிடம். ஒரே ஒரு நடுவருக்கு உங்களைப் பிடிக்காமல் போனால் அவருடைய எண் அடிபட்டுவிடும்.

முறை தடுக்காதது வேறு: ரசனை. ஒரு வருடம் சைஸுக்குக் கை தூக்குவார்கள், அடுத்த வருடம் வடிவத்துக்கு. மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லா நடுவரும் உங்களை ஏழாவது போட்டிருந்தால் நீங்கள் அன்று ஏழாவதுதான். மூன்று, பத்து, நான்கு, பதினொன்று என்று சிதறியிருந்தால் உங்கள் உடம்பில் ஏதோ ஒன்று பாதிப் பேருக்குப் பிடித்திருக்கிறது, பாதிப் பேருக்கு உறுத்தியிருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் எடுக்க வேண்டிய அடுத்த முடிவு ஒன்றே இல்லை. போட்டி முடிந்ததும் நடுவரிடம் போய் ‘ஏன் சார்’ என்று கேட்காமல் ‘எந்தப் பகுதி சார்’ என்று கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

9. பெரிய சாம்பியன் யாராவது இப்படித் தோத்திருக்காங்களா? ஆறுதலுக்குச் சொல்லாதீங்க.

முதலில், நடுவில் மேடையை விட்டு விலகித் திரும்பிய ஒருவர்: கை கிரீன். 1999ல் என்பிசி டீம் யுனிவர்ஸ் பட்டத்தை வென்றார். அதன் பிறகு ஐந்து ஆண்டு போட்டி மேடைப் பக்கமே வரவில்லை. 2004ல் திரும்பி வந்து, அதே டீம் யுனிவர்ஸை மறுபடி வென்று தொழில்முறைக்குப் போனார். பிறகு ஆர்னால்ட் கிளாசிக் என்ற ப்ரோ போட்டியில் மூன்று முறை முதலிடம், மிஸ்டர் ஒலிம்பியாவில் 2012, 2013, 2014 என வரிசையாக இரண்டாம் இடம். திறமை அப்படியே இருந்தும் ஐந்து ஆண்டு போனது. அவர் திரும்பினார், நமக்குப் பெயர் தெரிகிறது. திரும்பாதவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? சாம்பியன் கதைகளை ஆறுதலாக எடுத்துக்கொள்வதில் இருக்கும் ஓட்டை இது.

ரானி கோல்மன் டெக்சாஸில் போலீஸ்காரராக இருந்தவர். 1991ல் உலக அமெச்சூர் பட்டம் வென்று ப்ரோ ஆனார். 1992 ஒலிம்பியாவில் இடமே இல்லை, 1994ல் 15வது, 1995ல் 11வது, 1996ல் 6வது, 1997ல் மறுபடி சறுக்கி 9வது. 1998ல் முதலிடம், 2005 வரை எட்டு முறை. அந்த 1997ஐப் பாருங்கள். ஏறுமுகமாக வந்துவிட்டுச் சறுக்குவதுதான் ஆளை உடைக்கும். அவருக்கு மாதச் சம்பளம் தரும் வேலை இருந்தது என்பதையும் (7வது கேள்வி) மறக்க வேண்டாம்.

நம்மவர் ஒருவர்: நான்கடி பதினோரு அங்குல மனோகர் ஐச். 1951 மிஸ்டர் யுனிவர்ஸில் இரண்டாம் இடம். ஊர் திரும்பாமல் இங்கிலாந்திலேயே ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு பயிற்சி செய்து 1952ல் தன் பிரிவில் வென்றார். ஆர்னால்ட் கதை எல்லோருக்கும் தெரியும்: 1966ல் லண்டனில் செஸ்டர் யார்ட்டனிடம் தோற்று 1967ல் வென்றார்.

10. பிரிவை மாத்தினா கிடைக்குமா? ஓபன்ல இருந்து கிளாசிக் போறேன்னா பயந்து ஓடறான்னு சொல்றாங்க.

சொல்பவர்கள் சொல்லட்டும். கிளாசிக் பிசிக் பிரிவில் உயரத்துக்கு ஏற்ற எடை வரம்பு உண்டு. இடுப்பு சிறுத்து, தோள் விரிந்து, ஆனால் எடை வரம்பில்லாத ஓபன் பிரிவுக்கு வேண்டிய கனம் ஏறாத உடம்புக்கு அது சரியான வீடு. கிறிஸ் பம்ஸ்டெட் 2017லும் 2018லும் கிளாசிக் ஒலிம்பியாவில் இரண்டாம் இடம் வந்து, 2019 முதல் ஆறு முறை வென்றார். எதிர்த் திசையிலும் போகலாம்: டெரெக் லன்ஸ்போர்ட் 2021ல் 212 பவுண்டு பிரிவில் வென்று, ஓபனுக்கு மாறி 2023ல் மிஸ்டர் ஒலிம்பியா ஆனார்.

தோற்ற மறுவாரமே மாற்றாதீர்கள் என்பது மட்டும் என் எச்சரிக்கை. மதிப்பெண் தாளில் ‘கனம் போதாது’ என்று வந்தால் யோசிக்கலாம். ‘கண்டிஷன் இல்லை’, அதாவது போதிய ‘கட்’ இல்லை என்று வந்தால் எந்தப் பிரிவுக்குப் போனாலும் அதே கதைதான்.

11. பொண்ணுங்களுக்கும் இதே கதைதானா?

கூடவே ஒரு சுமை உண்டு: பிரிவே காலுக்கடியிலிருந்து உருவப்படலாம். 1980ல் தொடங்கிய மிஸ் ஒலிம்பியா பெண்கள் பாடி பில்டிங் போட்டி 2014க்குப் பிறகு நிறுத்தப்பட்டது. 2020ல்தான் திரும்ப வந்தது. இடையில் அந்த உடம்பை வளர்த்து வைத்திருந்தவர்கள் எந்த ஒலிம்பியாவுக்குத் தகுதி பெறுவது? மறுபக்கம், 2021ல் வெல்னஸ் பிரிவு ஒலிம்பியாவுக்கு வந்தபோது, தொடை பெரிதாக இருக்கிறது என்று பிகினி பிரிவில் கழிக்கப்பட்டவர்களுக்குப் புது வாசல் திறந்தது. மாதவிடாய் நின்றுபோவது, வீட்டில் கல்யாணப் பேச்சு எல்லாம் சேரும்போது ஒரு தோல்வியே ‘போதும்’ என்று சொல்லப் போதுமான சாக்காகிவிடுகிறது. மாதவிடாய் நின்றால் அது டாக்டரிடம் போகவேண்டிய விஷயம். கோச் ‘பிரெப்ல இது சகஜம்’ என்றால் அந்தக் கோச்சை மாற்றுங்கள்.

12. மூணாவது வந்துட்டேன். மருந்தைக் கொஞ்சம் கூட்டினா அடுத்த தடவை அடிச்சிடலாம்ல?

தோல்வியின் மிக ஆபத்தான விளைவு விலகுவது இல்லை, இந்தக் கேள்விதான். மொகமது பெனாசிசா 1992ல் ஒரு போட்டி முடிந்த கையோடு இறந்தார். ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996 மார்ச்சில் 31 வயதில் இறந்தார். இருவரும் ஏற்கெனவே ப்ரோ. கார்டு வாங்கி முடித்தவர்கள். உடம்பிலிருந்து தண்ணீரை இறக்கும் மாத்திரையும், தண்ணீரைக் குறைத்து உடம்பை வறள வைப்பதும் கடைசி நாட்களில் உப்புச் சமநிலையைக் குலைத்து இதயத்தை நிறுத்தக்கூடியவை.

மூன்றாவது இடம் வந்தவனிடம் பெரும்பாலும் குறைவது பின்தொடை, போஸிங், கடைசி வாரத்துத் தப்பு. ஊசி இதில் எதையும் சரி செய்யாது. அமெச்சூர் வழியில் ஊக்க மருந்துச் சோதனையில் சிக்கினால் பல ஆண்டுத் தடை, வேலை வாய்ப்பும் போகும். மருந்தில்லாமல் ஆட விரும்புகிறவர்களுக்கு டபிள்யூஎன்பிஎஃப் போன்ற அமைப்புகள் சோதனை நடத்தித் தனியாக ப்ரோ கார்டு தருகின்றன.

13. ப்ரோ ஆயிட்டா வருமானம் வருமா? அதுக்காகவாவது விடாம ஆடலாமா?

2024 மிஸ்டர் ஒலிம்பியா ஓபன் பிரிவை வென்ற சாம்சன் டவுடாவுக்குப் பரிசு 6,00,000 டாலர். அது ஒருவருக்கு. சாதாரண ப்ரோ போட்டிகளில் முதல் பரிசு சில ஆயிரம் டாலரிலிருந்து பத்தாயிரம் வரை என்ற கணக்கில்தான் இருக்கும். வெளிநாட்டுக்குப் போய்வரும் செலவில் அது கரையும். சம்பாதிப்பவர்கள் ஆன்லைன் கோச்சிங், ஸ்பான்சர், சொந்த ஜிம் என்று சம்பாதிக்கிறார்கள். இதற்குக் கார்டு உதவும். ஆனால் கார்டு இல்லாமலும் செய்கிறவர்கள் நம் தெருவிலேயே உண்டு.

விசா இன்னொரு கதவு. ஈரானின் ஹாதி சூப்பான் விசா கிடைக்காமல் வருடக்கணக்கில் அமெரிக்க மேடைக்கு வெளியே நின்றவர். 2022ல் மிஸ்டர் ஒலிம்பியா ஆனார். அவர் அளவு உடம்பு இருந்தே அந்த நிலை.

14. எத்தனை தடவை முயற்சி பண்ணலாம்? எப்ப விடறது?

வயதைக் காரணம் காட்டாதீர்கள். கிறிஸ் டிக்கர்சன் 1980லும் 1981லும் ஒலிம்பியாவில் இரண்டாம் இடம் வந்து, 1982ல் 43 வயதில் வென்றார். தோல்விகளின் எண்ணிக்கையையும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் தாளில் வரும் குறை மாறுகிறதா என்று பாருங்கள். முதலில் கால், அடுத்து கண்டிஷன், அடுத்து போஸிங் என்று குறை நகர்ந்தால் நீங்கள் நகர்கிறீர்கள். மூன்று தடவையும் ‘இடுப்பு அகலம்’ என்று வந்தால் அது எலும்பு, உழைப்பால் குறையாது. அப்போது பிரிவு மாற்றம், அல்லது அமெச்சூராகவே சந்தோஷமாக ஆடுவது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமோ இதயமோ கொடி காட்டினால் அன்றே நிறுத்துங்கள், அதில் பேச்சே இல்லை.

நிதானமாக யோசித்து விட்டவனை ‘ஓடிப்போனவன்’ என்று சொல்லும் பழக்கம் நம் ஜிம்களில் இருக்கிறது. அசிங்கமான பழக்கம்.

15. நான் கோச். பையன் தோத்துட்டு மேடையிலிருந்து இறங்கி வரான். அந்த ராத்திரி என்ன சொல்றது?

நடுவரைத் திட்டாதீர்கள். நீங்கள் திட்டினால் அவன் அதை நம்பிவிடுவான், பிறகு 8வது பதிலில் சொன்ன மதிப்பெண் தாளைத் திறந்தே பார்க்க மாட்டான். ‘அடுத்த வருஷம் நம்மதுதான்’ என்றும் சொல்லாதீர்கள். அவன் வீட்டுக் கணக்கு உங்களுக்குத் தெரியாது. சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், ஆனால் அளவோடு. வறண்ட உடம்பில் ஒரே ராத்திரியில் உப்பையும் தண்ணீரையும் கொட்டினால் காலையில் கணுக்கால் வீங்கி நிற்பான்.

மேடைப் படங்களை அன்றிரவு ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம், பத்து நாள் கழித்துப் பாருங்கள். அதற்கு இடையில் நீங்களாக போன் செய்யுங்கள். தோற்ற பையன் தானாகக் கூப்பிட மாட்டான். நிறைய பேர் போட்டியை விடும் முன்னால் கோச்சின் அழைப்பு வருகிறதா என்று சில வாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.